பழைய கல்குவாரியில் நீச்சல், மேலிருந்து குதித்தல்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ராசிபுரத்தான்:

வணக்கம். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை, ரூமில் ஆறு பேர். வருகிற ஞாயிறு செங்கல்பட்டுப் போகும் வழியில் கைவிட்ட கல்குவாரி ஒன்றுக்குப் போவதாகத் திட்டம். ரூமில் ஒருவன் ஏற்கனவே இரண்டு தடவை போய்க் குதித்துவிட்டு வந்து வீடியோ காட்டி எல்லோரையும் உசுப்பிவிட்டான்.

அவன் சொல்வதை வைத்துப் பார்த்தால் குதிக்க மூன்று இடம் இருக்கிறது. ஒன்று 15 அடி, ஒன்று 30 அடி. மூன்றாவதுக்கு ‘லாரி மேடு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 50 அடி இருக்கும் என்கிறான். ஐம்பதை நான் தொடப்போவதில்லை. முப்பதுதான் ஆசை.

எனக்கு நீச்சல் புதிதல்ல. ஐந்து வயதில் சுரைக்குடுக்கை கட்டி மாமா கிணற்றில் தள்ளிவிட்டார். எட்டாம் வகுப்பில் மோட்டார் ரூம் கூரையிலிருந்து பல்டி. எங்கள் கிணறு அறுபது அடி, அதன் அடிமண்ணை எடுத்து வந்து காட்டியிருக்கிறேன். ஆனால் குவாரித் தண்ணீரில் இதுவரை இறங்கியதில்லை. ஆறு பேரில் இன்னும் இருவருக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஒருவனுக்குச் சுமார். மற்ற இருவருக்கும் கடப்பாறை நீச்சல்தான்.

குதிக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? தண்ணீர் நல்ல நீலப்பச்சையாகத் தெளிந்து கிடக்கிறது, அதனால் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா? ‘போகாதே’ என்று ஒரே வரியில் சொல்ல வருபவர்கள் தயவுசெய்து கடந்து போகவும். அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது.

தெற்குவாசல்:

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நீங்கள் தலையையே விடப்போகிறீர்கள். சரி, நான் கடந்து போகிறேன்.

பழைய மேட்:

தம்பி, நான் பதினாறு வருடம் குவாரியில் இருந்தவன். முதலில் பாறையில் துளை போடும் ஜாக்ஹாமர் பிடித்தேன், பிறகு மேட், அதாவது ஆட்களை மேற்பார்க்கும் வேலை. பரமத்தி, காங்கேயம் பக்கம் மூன்று குழிகள் என் கண் முன்னால் ஆழமானவை. உங்கள் பக்கம் கல்குட்டை என்பீர்கள், திருப்பூர்ப் பக்கம் பாறைக்குழி. நான் வெடி வைத்த குழியில் இன்று பையன்கள் குதிக்கிறார்கள். நானும் அதில் குளித்திருக்கிறேன். அதனால் ஒரு வரியில் முடிக்காமல் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கிணற்றுப் பழக்கம் இங்கே பாதிதான் உதவும். கிணறு மனிதன் இறங்கி ஏற வெட்டியது. படி இருக்கும், இல்லாவிட்டால் பிடித்து ஏற பைப்பாவது இருக்கும். தூர் வாரும்போது எல்லோரும் அடியைப் பார்ப்பார்கள். குவாரியில் மனிதன் ஏறுவதைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. கல் மேலே வரவேண்டும், அது டிப்பரில் வரும். எனவே ஒரு குழிக்கு ஒரே ஒரு வண்டிப்பாதை, ராம்ப் என்போம். மீதி மூன்று பக்கமும் சுவர். குத்தகை முடிந்தோ, ஊற்று பம்புக்கு அடங்காமலோ, ஒரு நாள் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். மழைக்காலம் இரண்டு மூன்று வந்தால் குழி நிறைந்துவிடும். ராம்ப்பில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விடும், மேலே மிஞ்சியதைச் சீமைக்கருவேலம் மூடிவிடும்.

அதனால் முதலில் குதிக்கும் இடத்தைப் பார்க்காதீர்கள். ஏறும் இடத்தைத் தேடுங்கள். குழியை ஒரு சுற்று நடந்து, ராம்ப் தண்ணீரில் இறங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து குதிக்கும் இடம் எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். எங்கள் குழி ஒன்றில் அது நூறு மீட்டருக்கு மேல். முதல் தடவை குதித்து நீந்தி வருபவன் சிரித்துக்கொண்டு வருவான். மூன்றாவது தடவையும் வருவான். ஐந்தாவது தடவை பாதி வழியில் கை ஓய்ந்து, பக்கத்துச் சுவரைப் பிடிக்கப் பார்ப்பான். பாசி படிந்த கருங்கல், பிடி கிடைக்காது. சென்னையைச் சுற்றியுள்ள கல் அப்படி. பல்லாவரத்துப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜோப் சார்னக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கு அந்தக் கல்லைத்தான் வைத்தார்கள், அதை ஆராய்ந்த ஹாலண்ட் 1893-ல் அந்தப் பெயரைச் சூட்டினார் என்று எங்கள் ஃபோர்மேன் சொல்லுவார். கட்டடத்துக்கு அருமையான கல். வெட்டிய இடத்தில் சரியாமல் செங்குத்தாக நிற்கும். அந்தக் குணம்தான் தண்ணீரில் கிடப்பவனுக்கு எதிரி.

அடுத்து, உள்ளே இருக்கும் வடிவம். மேலிருந்து அடிவரை ஒரே சுவராக நாங்கள் வெட்டுவதில்லை. பதினைந்து இருபது அடிக்கு ஒரு சுவர், அதற்குக் கீழே ஆளும் மிஷினும் நிற்க ஒரு மேடை, மறுபடி சுவர். மாடிப்படி மாதிரி இறங்கும். அந்த மேடைக்குப் பெஞ்ச் என்று பெயர். குழி நிறைந்த பிறகு மேலே நிற்பவனுக்கு இது எதுவும் தெரியாது. தண்ணீர் ஒரே மட்டமாக, ஒரே பச்சையாகக் கிடக்கும். கார்த்திகையில் ஒரு பெஞ்சின் மேல் பன்னிரண்டு அடித் தண்ணீர் நின்றால் சித்திரையில் அதே பெஞ்சின் மேல் மூன்றடிதான் நிற்கும். விளிம்பும் அதேதான், குதிப்பவனும் அவன்தான். உங்கள் ரூம் நண்பர் இரண்டு தடவை குதித்தேன் என்கிறாரே, எந்த மாதம் என்று கேளுங்கள்.

சுவர் ஒட்டிய இடமும் நம்பக்கூடியதல்ல. வெடி வைக்கும்போது மேல்பகுதி சுத்தமாக உடைந்து வரும், அடியில் ஒரு பகுதி உடையாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வேலை நடக்கும்போது அதற்குத் தனியாகத் துளை போட்டு எடுப்போம். வேலையை நிறுத்தப்போகும் கடைசி மாதத்தில் அதை யார் எடுப்பார்கள்? அறுந்த ஒயர்ரோப், ட்ரில் ராடு, டிப்பர் டயர் எல்லாம் அப்படியே கிடக்கும். அதற்குப் பிறகு வருகிறவன் மேலிருந்து பாறையை உருட்டி ‘டும்’ சத்தம் கேட்டு மகிழ்வான். எங்கள் ஊர்க் குழியில் விநாயகர் சிலைகளையும் கரைக்கிறார்கள். களிமண் கரைந்துவிடும், உள்ளே இருக்கும் சட்டம் கரையாது. ஆகவே போன மாதம் பார்த்த அடி இந்த மாதத்து அடி அல்ல.

விளிம்பில் நிற்பதைப் பற்றியும் ஒன்று. வெடி அதிர்ச்சியில் விளிம்புப் பாறைக்குள் விரிசல் ஓடியிருக்கும். மழைத் தண்ணீர் அதில் இறங்கி இறங்கி, பார்க்க உறுதியாக இருக்கும் பாறை ஆறு பேர் சேர்ந்து நின்று போட்டோ எடுக்கும்போது பெயர்ந்துவிடும்.

உயரக் கணக்கு என் மகன் போட்டுக் கொடுத்தது. 30 அடியிலிருந்து விழுந்தால் தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 48 கிலோமீட்டர். 50 அடி என்றால் 60-ஐத் தாண்டும். போட்டிகளில் 10 மீட்டர் பலகைக்குக் கீழே குளம் 5 மீட்டர் ஆழம் வைப்பார்கள், அதுவும் பளிங்கு மாதிரிச் சுத்தமான அடி. அந்த வேகத்தில் பக்கவாட்டில் விழுந்தாலே மூச்சு அடைத்துவிடும். மேல்தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருக்கும், ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே சட்டென்று குளிரும். நாலு பக்கமும் சுவர் மறைத்தால் காற்று தண்ணீரைக் கலக்காது. குதித்தவன் அந்தக் குளிருக்குள்தான் போவான். அங்கே தன்னை அறியாமல் வாயைத் திறந்து மூச்சு இழுத்துவிட்டால் முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைத் தேடி பைக்கில் ஆள் வந்தான். நான் வேலை பார்த்த குழி ஒன்றில் கல்லூரிப் பையன் ஒருவன் குதித்து மேலே வரவில்லை. தீயணைப்பு வீரர்கள் வந்துவிட்டார்கள். அடி எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் குச்சியை எடுத்து மண்ணில் வரைந்து காட்டினேன். இங்கே ராம்ப், இங்கே சம்ப் (பம்ப் வைக்கத் தண்ணீர் சேரும் பள்ளம்), இங்கே முதல் பெஞ்ச், இங்கே இரண்டாவது. அவர்கள் ஆழமான சம்ப் பக்கமிருந்து தேட ஆரம்பித்தார்கள். பையன் குதித்த இடத்துக்கு நேர் கீழே, முதல் பெஞ்சில் கிடந்தான். அவன் மேல் ஒன்பதடித் தண்ணீர்கூட இல்லை. அந்தப் பெஞ்சில் துளை போட்ட ஆட்களில் நானும் ஒருவன்.

ராசிபுரத்தான்:

அண்ணா, இரண்டு தடவை படித்தேன். மாதம் கேட்டேன். இரண்டு தடவையும் நவம்பர், டிசம்பராம். இப்போது ஏப்ரல். அவனுக்கே முகம் மாறிவிட்டது.

ஒரு சந்தேகம். 2017 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைத்தானே சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்? அப்படியானால் குவாரித் தண்ணீர் சுத்தம்தானே?

மான்செஸ்டர் மழை:

கொடுத்தார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்த பிறகு கொடுத்தார்கள். நடுவில் இருக்கும் அந்தப் படியை விட்டுவிட்டீர்கள்.

நிறத்தை நம்ப வேண்டாம் என்பதற்கு இங்கே இங்கிலாந்தில் ஒரு கதை இருக்கிறது. நான் இருக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் பக்ஸ்டன் என்ற ஊர். அதன் அருகே ஹார்ப்பர் ஹில் என்ற இடத்தில் பழைய சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்று. தண்ணீர் அப்படியொரு நீலம், மாலத்தீவு போஸ்டர் மாதிரி. மக்கள் குழந்தைகளோடு வந்து குளித்தார்கள். தண்ணீரின் காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 11.3. வீட்டில் பாத்ரூம் கழுவும் ப்ளீச்சுக்குக் கொஞ்சம்தான் கீழே. சுண்ணாம்புக் கழிவு கரைந்ததால்தான் அந்த நீலமே. போர்டு வைத்துப் பார்த்தார்கள், கூட்டம் குறையவில்லை. கடைசியில் 2013-ல் தண்ணீரில் கருப்புச் சாயத்தைக் கொட்டினார்கள். அழகு போனது, கூட்டமும் குறைந்தது. 2020 ஊரடங்கில் மறுபடி கூட்டம் வர, மறுபடி சாயம்.

உங்கள் ஊரில் சுண்ணாம்புக்கல் இல்லை, கருங்கல். அதனால் இந்தப் பிரச்சினை அங்கே வராது. ஆனால் அங்கே குழிக்குள் என்ன கொட்டுகிறார்கள் என்பதைக் குழியைச் சுற்றி நடக்கும்போது மூக்கே சொல்லிவிடும்.

பாஸ்டன் பாலாறு:

அமெரிக்காவில் இது பெரிய கோடைக்காலப் பொழுதுபோக்கு. பாஸ்டனுக்குத் தெற்கே குவின்சி என்று ஓர் ஊர். கருங்கல்லுக்குப் பேர் போனது. பங்கர் ஹில் நினைவுத்தூணுக்குக் கல் கொண்டுபோக 1826-லேயே குதிரை இழுக்கும் ரயில்பாதை போட்டார்கள். கடைசிக் குவாரி 1963-ல் மூடியது. குழிகள் நிறைந்தன, ஊர்ப் பையன்கள் அங்கே குதித்து வளர்ந்தார்கள். என் ஆபீஸில் இருக்கும் அறுபது வயதுக்காரர் ஒருவர் ஒவ்வொரு பாறைக்கும் அவர்கள் வைத்திருந்த பெயரை இன்னும் ஒப்பிப்பார். ஒப்பித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பாத வகுப்புத் தோழனைப் பற்றியும் சொல்லுவார். நிறையப் பேர் செத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு கூத்து உண்டு. குதிப்பதைத் தடுக்கிறோம் என்று பழைய மரங்கள், தந்திக் கம்பங்களை எல்லாம் தண்ணீரில் போட்டார்கள். அவை ஊறி, மேலே தெரியாத அளவுக்கு அமிழ்ந்து நின்றுகொண்டன. அடிபடுவது கூடியதுதான் மிச்சம். பழைய மேட் ஐயா சொன்ன பெஞ்ச் மாதிரி, காசு செலவழித்துப் புதிதாக ஒன்றைச் செய்து வைத்தார்கள்.

பிறகு பாஸ்டன் நகரத்துக்கு அடியில் நெடுஞ்சாலைச் சுரங்கம் தோண்டினார்களே, அந்த மண்ணைக் கொண்டுவந்து குழிகளை மூடிவிட்டார்கள். இப்போது தண்ணீர் கிடையாது. பாறைச் சுவர் முழுக்கக் கலர் கலராகக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். கயிறு கட்டி ஏறுகிறவர்கள் வருகிறார்கள். நானும் வாரக் கடைசியில் ஏறப் போவேன். நான் நிற்கும் புல்லுக்கு அடியில் எத்தனை அடிக்கு மண் இருக்கிறதோ என்ற நினைப்பு மட்டும் வரும்.

பழைய மேட்:

அங்கே சுரங்க மண்ணைக் கொட்டி மூடினார்கள். திருப்பூரில் பாறைக்குழிக்குள் குப்பையைக் கொட்டுகிறார்கள். சுற்றி இருக்கிற ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடுகிறார்கள். மூடுவதிலும் நமக்கு ஒரு வழி இருக்கிறது பாருங்கள்!

தம்பி, நீங்கள் போவீர்கள் என்று தெரிகிறது. அப்படியானால் இதைச் செய்யுங்கள். அறுபது எழுபது அடிக் கயிறு ஒன்று வாங்கி, ஓர் அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். நுனியில் ஒரு கிலோ அளவுக்குக் கல். குதிக்க நினைக்கும் இடத்தில் நேர் கீழே விட்டுப் பாருங்கள். ஓர் இடத்தில் விட்டால் போதாது. இடது பக்கம் நாலடி, வலது பக்கம் நாலடி, முன்னால் ஆறடி என்று விடுங்கள். குதிக்கும்போது யாரும் நினைத்த இடத்தில் விழுவதில்லை. கயிறு விடும்போது விளிம்பில் படுத்துக்கொண்டு விடுங்கள், நிற்காதீர்கள்.

லாரி ட்யூப் இரண்டு காற்றடித்து எடுத்துப் போங்கள், பஞ்சர் கடையில் வாடகைக்கே கொடுப்பார்கள். கடப்பாறை நீச்சல்காரர்கள் ராம்ப்பில் முழங்கால் தண்ணீரோடு சரி, அதைத் தாண்டக் கூடாது. ராம்ப்பும் சரிந்து கொண்டே போகும், ஓரத்தில் திடீரென்று முடியும். யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ட்யூபை வீசுங்கள், கயிறு, வேட்டி, துப்பட்டா, எது கையில் இருக்கிறதோ அதை வீசுங்கள். ஒருவனைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போவதுதான் குழியில் வழக்கமாக நடப்பது. அண்ணன் தம்பிகள்தான் அதில் அதிகம். பீர் பாட்டிலை ரூமிலேயே விட்டுவிடுங்கள்.

வார்டு அக்கா:

நான் செவிலியர். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தண்ணீரிலிருந்து எடுத்தவரைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். இதை நம் ஊரில் எல்லோரும் செய்கிறார்கள், நேரம்தான் போகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதுங்கள். பிறகு நடு நெஞ்சில் 30 அமுக்கு, 2 மூச்சு, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல். உயரத்திலிருந்து குதித்து அடிபட்டவர் என்றால் கழுத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 108-க்கு ஒருவர் பேச வேண்டும். குவாரிக்கு அட்ரஸ் கிடையாது. ஆகவே மெயின் ரோட்டில் ஓர் ஆளை நிறுத்துங்கள். எங்கள் மருத்துவமனைக்கு வந்த ஒரு கேஸில் வண்டி இருபது நிமிடம் வழி தேடிச் சுற்றியது.

குதிக்கும் ஆசைக்கு வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் டைவிங் குளம் இருக்கிறது. சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

ராசிபுரத்தான்:

போய் வந்தோம். ஆறு பேரில் நால்வர்தான் வந்தோம். கடப்பாறைக்காரர்கள் இருவரும் பிரியாணி கடைக்குப் போய்விட்டார்கள், அதுவே நல்லது.

ராம்ப்பைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முள்ளுக்குள் புகுந்து, சட்டை கிழிந்து, கடைசியில் ஒரு மாடு தண்ணீர் குடிக்க இறங்கியதைப் பார்த்து அதன் பின்னால் போனோம். குதிக்கும் இடம் அதற்கு நேர் எதிர்ச் சுவர். நண்பன் இதுவரை எப்படி ஏறினான் என்று கேட்டால், சுவரில் ஒரு பிளவு இருக்கிறதாம், அதில் கால் வைத்து ஏறினானாம். இப்போது தண்ணீர் இறங்கி அந்தப் பிளவு தலைக்கு மேல் எட்டடி உயரத்தில் இருக்கிறது. போன தடவை மாதிரியே குதித்திருந்தால் நான்கு பேரும் கீழே நின்று அதை அண்ணாந்து பார்த்திருப்போம்.

கயிறு விட்டோம். பதினைந்தடி என்று சொன்ன இடம் இப்போது தண்ணீர் மட்டத்திலிருந்து இருபத்து நான்கு. கீழே இருபத்திரண்டு அடித் தண்ணீர். சந்தோஷமாக ஐந்தடி இடது பக்கம் நகர்ந்து விட்டேன். தண்ணீருக்குள் ஐந்து முடிச்சில் கல் உட்கார்ந்துவிட்டது. மறுபடி விட்டேன், மறுபடி ஐந்து. பச்சை நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை அண்ணா, உற்று உற்றுப் பார்த்தேன். வீடியோவில் நண்பன் ஓடி வந்து குதிப்பது அந்த இடது பக்கம் பார்த்துத்தான். அவன் கயிற்றை வாங்கித் தானும் ஒரு தடவை விட்டுப் பார்த்தான். அப்புறம் பேசவில்லை.

முப்பதடி இடத்தில் கல் தண்ணீருக்குள் இருபத்தாறு முடிச்சு வரை போனது. இழுத்தால் வரவில்லை. மூன்று பேர் இழுத்தும் வரவில்லை, எதிலோ மாட்டிக்கொண்டது. அறுத்துவிட்டு வந்தோம். 180 ரூபாய்க் கயிறு.

ராம்ப் பக்கம் ட்யூபைப் போட்டு இரண்டு மணி நேரம் கிடந்தோம். நீங்கள் சொன்ன குளிர் சரியாக நெஞ்சு ஆழத்தில் ஆரம்பித்தது, காலை நீட்டினால் ஐஸ். மாடு போனதும் மூன்று சின்னப் பையன்கள் வந்தார்கள், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். எதிர்ச் சுவரைக் காட்டி, அங்கே குதிக்கலையா அண்ணா என்றார்கள். மிச்சம் இருந்த கயிற்றை அவர்களிடம் கொடுக்கலாமா என்று யோசித்துவிட்டு, கூட்டிப்போய் அந்த ஐந்து முடிச்சு இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். அவர்களில் பெரியவன், அங்கே ஒரு கல் இருக்கிறது தெரியும், போன வருடமே ஒரு அண்ணனுக்குக் கால் உடைந்தது என்றான்.

பழைய மேட்:

கயிறு மாட்டிய இடம் ராம்ப்புக்கு நேர் எதிரே, சுவர் ஓரமா? அப்படியானால் அது பம்ப் பைப்பாக இருக்கும். பெரும்பாலும் சம்ப்பை அந்த மூலையில்தான் வைப்போம். கழற்றாமல் விட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தப் பையன்கள் எந்த ஊர் என்று கேட்டீர்களா?